ஒரு பிடி பிண்ணாக்கு

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

2023-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியதைப் பெற்றோர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். எம் விடுதிச் சமையலறையும் அதற்குத் தப்பவில்லை. ரசத்தில் புளி இருந்தது, மிளகு இருந்தது. தக்காளியைத்தான் தேட வேண்டியிருந்தது. "கடையில் விலை ஏறினால் என்ன? தொட்டியில் வளர்ப்போம்" என்றார்கள் எம் அறிவியல் ஆசிரியையாகிய அருட்சகோதரி அவர்கள். ஆனால் சிஸ்டர் எதையும் சும்மா வளர்க்க விடுவார்களா? அதிலும் ஒரு பாடம் இருந்தே தீரும். "தொட்டித் தக்காளிக்கு எந்த இயற்கை உரம் ஏற்றது?" என்னும் கேள்வியை எங்கள் வகுப்பிடம் ஒப்படைத்தார்கள்.

ஆய்வுக்கூடத்து மாடியில் 20 தொட்டிகள் வைத்தோம். ஒவ்வொன்றும் 15 லிட்டர் மண் கொள்ளும். செம்மண்ணையும் தேங்காய் நார்க்கழிவையும் ஒரே அளவில் கலந்து எல்லாவற்றையும் நிரப்பினோம். பெரியகுளத்தில் உருவாக்கப்பட்ட பிகேஎம் 1 என்னும் ரகத்தை நாற்று விட்டு, 25-ஆம் நாள் தொட்டிக்கு ஒரு செடியாக நட்டோம். வகுப்பில் நான்கு அணிகள். அணிக்கு 5 தொட்டிகள். சீட்டுக் குலுக்கியதில் முதல் அணிக்குத் தொழு உரமும், இரண்டாம் அணிக்கு மண்புழு உரமும், மூன்றாம் அணிக்கு வேப்பம் பிண்ணாக்கும், நான்காம் அணியினராகிய எங்கள் ஐவருக்குக் கடலைப் பிண்ணாக்கும் கிடைத்தன.

எல்லா உரத்திலும் ஆளுக்கொரு பிடி அள்ளிப் போட்டால் போதும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். சிஸ்டர் சிரித்தார்கள். "ஒரு பிடி பொரியும் ஒரு பிடி நெய்யும் உடம்புக்கு ஒன்றா?" என்று கேட்டுக் கரும்பலகையில் கணக்குப் போட்டார்கள். செடி வளரத் தேவையான தழைச்சத்து, தொழு உரத்தில் ஏறக்குறைய அரை சதவீதம், மண்புழு உரத்தில் ஒன்றரை சதவீதம், வேப்பம் பிண்ணாக்கில் 5 சதவீதம், கடலைப் பிண்ணாக்கில் 7 சதவீதம் இருக்கும். ஆகவே ஒவ்வொரு தொட்டிக்கும் 5 கிராம் தழைச்சத்து கிடைக்க வேண்டுமானால், தொழு உரம் 1 கிலோ, மண்புழு உரம் 330 கிராம், வேப்பம் பிண்ணாக்கு 100 கிராம், கடலைப் பிண்ணாக்கு 70 கிராம் இட வேண்டும். பாதியை நடும்போதும், மீதியை ஒரு மாதம் கழித்தும் இட வேண்டும் என்பது கட்டளை.

கணக்கு எங்களுக்குப் புரிந்தது; மனத்துக்குத்தான் புரியவில்லை. முதல் அணித் தோழியர் கூடை கூடையாக உரம் சுமந்து செல்ல, நாங்களோ கோயில் திருநீற்றுப் பொட்டலம் போல ஒரு சிறு காகிதப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு நின்றோம். "உங்கள் செடிக்கு இன்று உபவாசமா?" என்று அவர்கள் கேலி செய்தார்கள். எங்களுக்குச் சுருக்கென்றது.

எம் பள்ளித் தோட்டக்காரத் தாத்தா வாங்கி வந்த பிண்ணாக்கு, கிடங்கில் ஒரு கோணிப்பையில் மீதம் இருந்தது. அடுத்து வந்த மூன்று வெள்ளிக்கிழமைகளிலும், மாலை மணி அடித்து எல்லாரும் கலைந்த பின், நாங்கள் ஐவரும் ஆளுக்கொரு தொட்டியாகப் பங்கிட்டுக்கொண்டு, ஒரு பிடி பிண்ணாக்கை நுணுக்கி மண்ணில் புதைத்தோம். குறிப்பேட்டில் மட்டும் '70 கிராம்' என்றே அழகான கையெழுத்தில் எழுதி வைத்தோம்.

முதலில் வெற்றி எங்கள் பக்கமே இருந்தது. எங்கள் செடிகள் மற்றவற்றைக் காட்டிலும் ஒரு சாண் உயரமாக, கரும்பச்சை இலைகளோடு நின்றன. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். ஆனால் செப்டம்பரில் மண்புழு உரத் தொட்டிகளில் மஞ்சள் பூக்கள் கொத்துக் கொத்தாக வந்தபோது, எங்கள் செடிகள் இலைமேல் இலைதான் விட்டன. தாமதமாக வந்த பூக்களிலும் பல உதிர்ந்துவிட்டன. தழைச்சத்து மிகுந்தால் செடி இலை வளர்ப்பதிலேயே முனைந்து பூப்பதைத் தள்ளிப்போடும் என்று பின்னர் படித்தோம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழியைத் தேர்வுகளில் பலமுறை விளக்கி எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். அதைத் தொட்டியில் கண்டது அப்போதுதான்.

காலாண்டு விடுமுறையில் வேறொரு சங்கடம் வந்தது. நாள்தோறும் தண்ணீர் விட ஆளில்லை. ஒரு நாள் மண் காய்ந்து வெடித்தது. மறுநாள் யாரோ குடம் குடமாக ஊற்றினார்கள். திரும்பி வந்து பார்த்தால் பல காய்களின் அடிப்பாகம் கருத்து அழுகியிருந்தது. சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று கேள்விப்பட்டு முட்டை ஓடுகளைத் தூளாக்கிக்கொண்டு ஓடினோம். சிஸ்டர் எங்களை நிறுத்தினார்கள். முட்டை ஓடு மண்ணில் கரைய நெடுநாள் ஆகுமாம். சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடுதான் காய்க்குப் போய்ச் சேரும். தொட்டி காய்வதும் ஊறுவதுமாக இருந்தால், மண்ணில் சத்து இருந்தும் காய்க்குக் கிட்டாது. தொழு உரத் தொட்டிகளில் இந்த அழுகல் மிகக் குறைவு. மக்கிய உரம் ஈரத்தைப் பிடித்து வைத்திருந்ததே காரணம். சத்துக் கணக்கில் கடைசியில் நின்ற தொழு உரம், ஈரம் காப்பதில் முதலில் நின்றது!

நவம்பரில் அறுவடைக் கணக்கு முடிந்தது. மண்புழு உரத்தில் 6 கிலோ 200 கிராம். தொழு உரத்தில் 5 கிலோ 400 கிராம். வேப்பம் பிண்ணாக்கில் 5 கிலோ 100 கிராம். எங்களுடையது 2 கிலோ 800 கிராம். அதற்குள் சந்தையில் தக்காளி விலை இறங்கிவிட்டது என்பது வேறு கதை. இருந்தாலும் அன்று விடுதி ரசத்தில் எங்கள் தக்காளி மிதந்தது.

பெற்றோர் தினக் கண்காட்சிக்காக முடிவுகளைப் பெரிய அட்டையில் எழுதினோம். எங்கள் வரிசையில், "கடலைப் பிண்ணாக்கு, 70 கிராம். இலை மிகுதி, காய் குறைவு. தொட்டித் தக்காளிக்கு ஏற்றதன்று" என்று இருந்தது. முதல் நாள் மாலை அட்டையை மாட்ட உதவிக்கு வந்த தாத்தா, கண்ணாடி கொண்டு வரவில்லை என்று எங்களையே படிக்கச் சொன்னார். படித்தோம். அவர் முகம் வாடிவிட்டது.

"முப்பது வருசமா கடலைப் புண்ணாக்குத்தான் போடுறேன் பாப்பா. இப்படி இலையாப் போனதே இல்லை. நான் வாங்கியாந்த புண்ணாக்குதான் மட்டமோ என்னமோ. சிஸ்டர் காசை வீணாக்கிட்டேன்" என்றார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தோற்றுப்போனது எங்களுக்கு வருத்தம்தான். ஆனால் எங்கள் பொய்க்குத் தாத்தா தலைகுனிந்து நின்றதைத் தாங்க முடியவில்லை. நாளை அந்த அட்டையைப் பார்த்து எத்தனை தாய்மார்கள் நல்ல உரம் ஒன்றை ஒதுக்கிவிடுவார்கள் என்பதும் அப்போதுதான் உறைத்தது. "தாத்தா, பிண்ணாக்கு நல்ல பிண்ணாக்குதான். நாங்கள்தான்..." என்று ஒருத்தி தொடங்க, மற்றவர்கள் முடித்தோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சிஸ்டர்கிட்ட போய்ச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார்.

சிஸ்டர் கடிந்துகொள்வார்கள் என்று நடுங்கிக்கொண்டே சென்றோம். அவர்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கூடுதலாகப் போட்டது எத்தனை கிராம்?" என்றார்கள். எங்களுக்கு என்ன தெரியும்? பிடிதான் தெரியும். உடனே கோணிப்பையை வரவழைத்து, எங்கள் ஐவரையும் ஆளுக்கொரு பிடி எடுக்கச் சொல்லித் தராசில் நிறுத்தார்கள். 31 கிராம் முதல் 44 கிராம் வரை ஐந்து பிடியும் ஐந்து விதம்! சராசரி 38 கிராம். மூன்று வாரத்துக்கு ஏறக்குறைய 115 கிராம்; முறையான 70 கிராமையும் சேர்த்தால் தொட்டிக்கு 185 கிராம். இட வேண்டிய அளவில் இரண்டரை மடங்குக்கும் மேல்!

"இப்போது உங்கள் வரிசையும் ஒரு பாடம்தான். உண்மையான அளவை எழுதுங்கள்" என்றார்கள். இரவோடு இரவாக அந்த வரியைத் திருத்தினோம்: "கடலைப் பிண்ணாக்கு, சுமார் 185 கிராம். அளவு மீறியதால் இலை மிகுதி, காய் குறைவு. 70 கிராமில் விளைச்சல் இன்னும் சோதிக்கப்படவில்லை." கீழே எங்கள் ஐவர் பெயரையும் எழுதச் சொன்னார்கள். அதை எழுதும்போது கை நடுங்கியது உண்மை. மறுநாள் வந்த பெற்றோர்கள் அந்த வரியின் முன்தான் அதிக நேரம் நின்றார்கள். எங்களுள் ஒருத்தியின் அம்மா தம் வீட்டு மாடித் தொட்டிகளுக்கு எத்தனை பிடி போடுகிறோம் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிட்டார்.

டிசம்பர் இறுதியில் மீண்டும் 5 தொட்டிகளில் நாற்று நட்டோம். இம்முறை தாத்தாவே பிண்ணாக்கு வாங்கி வந்தார். நாங்கள் தராசில் நிறுத்து இட்டோம். இதை எழுதும் இந்நாளில் ஐந்திலும் காய் பிடித்திருக்கிறது. அவை பழுத்து எடை பார்க்கும் நாளில் நாங்கள் பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருப்போம். ஆகவே குறிப்பேட்டை ஒன்பதாம் வகுப்புத் தங்கையரிடம் ஒப்படைத்துவிட்டோம். பழைய '70 கிராம்' என்னும் வரியைக் கிழித்தெறியாமல், குறுக்கே ஒரு கோடிட்டு அருகில் சரியான அளவை எழுதியிருக்கிறோம். அன்புத் தங்கையரே, காய்கள் கூடுதலாக இருந்தாலும் குறைவாக இருந்தாலும், தராசு காட்டுவதை அப்படியே எழுதுங்கள். தாத்தா கேட்டால் படித்துக் காட்டுங்கள்.