தண்டவாளம் போன வழி

கிளேபாங்கில் வாழும் எங்களுக்குக் கடல் பக்கம், இரயில் தூரம். சென்ற பள்ளி விடுமுறையில், பத்துமலை முருகனைத் தரிசிக்க வேண்டுமென எங்கள் பாட்டியார் விரும்பினார். அவருக்கு அகவை எண்பத்தெட்டு. பேருந்தில் நெடுநேரம் அமர்ந்தால் கால் வீங்கிவிடும். ஆகவே, இரயிலில் செல்வதென முடிவு செய்தோம்.

வைகறையில் புறப்பட்டு மலாக்கா சென்ட்ரல் பேருந்து நிலையத்தை அடைந்தோம். தம்பின் பேருந்துக்கு அரைமணிக்கு மேல் காத்திருந்தோம். தம்பின் பட்டணத்தில் இறங்கி, வாடகைக் கார் பிடித்து இரயில் நிலையம் போய்ச் சேர்ந்தோம். நிலையத்தின் பெயர் பூலாவ் செபாங்/தம்பின். தம்பின் பட்டணம் நெகிரி செம்பிலானைச் சேர்ந்தது. நிலையம் நிற்கும் பூலாவ் செபாங் மலாக்காவைச் சேர்ந்தது. ஒரு நிலையத்திற்கு இரு பெயர் அமைந்த காரணம் இதுவே. 2015ஆம் ஆண்டு அக்டோபரில் கொமுட்டர் மின்வண்டி இந்நிலையம் வரை நீட்டிக்கப்பட்டது. சிரம்பான், காஜாங், கோலாலம்பூர் வழியாகச் செல்லும் இத்தடத்தின் மறுமுனை பத்துமலையே என்பது நம்மவர்க்கு மகிழ்ச்சி தருவது.

மேடையில் வண்டிக்குக் காத்திருந்தபோது, இரண்டாம் வகுப்பில் பயிலும் எங்கள் மகன் கேட்டான்: "பாட்டி, மலாக்காவுக்கே இரயில் விட்டிருக்கலாமே! ஏன் விடவில்லை?"

"விட்டிருந்தார்களப்பா. நான் குழந்தையாய் இருந்தபோது அதன் ஊதலைக் கேட்டிருக்கிறேன். பிறகு தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அது போன வழியிலேயே என் அப்பாவும் போனார்" என்றார் பாட்டியார்.

நாங்கள் வாயடைத்து நின்றோம். இத்தனை ஆண்டுகளில் இதனை அவர் எங்களிடம் சொன்னதில்லை; நாங்களும் கேட்டதில்லை.

வரலாறு இதுதான். ஆங்கிலேயர் ஆட்சியில், 1905ஆம் ஆண்டு தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு ஏறத்தாழ 34 கிலோமீட்டர் நீளமுள்ள கிளைப்பாதை திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் மலாயாவைக் கைப்பற்றிய ஜப்பானியர் அப்பாதையைப் பெயர்த்தெடுத்து, சயாமையும் பர்மாவையும் இணைக்கும் பாதைக்குக் கொண்டுசென்றனர். சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசாயாட் வரை 415 கிலோமீட்டர்; காடும் மலையும் வெட்டி, 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தனர். அதுவே சயாம் மரண இரயில். போர்க் கைதிகளோடு, ஆசியத் தொழிலாளர் இலட்சக்கணக்கில் அங்கு வாட்டப்பட்டனர். மலாயாவிலிருந்து சென்றோருள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் மாண்டோர் பல்லாயிரவர்.

பாட்டியாரின் தந்தையை 1943இல் அழைத்துச் சென்றபோது, அவருக்கு வயது ஆறு. மூன்று மாத வேலை, அரிசியும் சம்பளமும் உண்டு என்றார்களாம். லயத்து வாசலில் நின்று அவர் கையசைத்தாராம். தந்தை திரும்பி வருவார் என்று, அவருடைய பால்வெட்டும் கத்தியை ஓராண்டுக் காலம் துருப்பிடியாமல் எண்ணெய் தடவி வைத்திருந்தாராம் பாட்டியாரின் தாயார். தகவல் ஏதும் வரவில்லை. இறந்த நாள் தெரியாமையால் திதி கொடுக்கவும் வழியில்லை.

வண்டி வந்தது. பாட்டியாரைக் கைத்தாங்கலாக ஏற்றினோம். பத்துமலையை அடைந்ததும், தம் தந்தையின் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்யச் சொன்னார். அப்பெயரை அன்றுதான் முதன்முறை கேட்டோம். முருகனைத் தரிசிக்க மட்டுமா அவர் வந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

மலாக்கா நகருக்குத் தண்டவாளம் மீண்டும் வரவேண்டும் என்பது எங்கள் ஆவல். அது நம் கையில் இல்லை. ஆயின், நம் கையில் உள்ளது ஒன்றுண்டு. மாணவச் செல்வங்களே, உங்கள் இல்லத்தில் முதியோர் இருப்பின், சயாமுக்குப் போனவர் யாரேனும் நம் குடும்பத்தில் உண்டா என்று இன்றே கேளுங்கள். அவர்தம் பெயரை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். நாங்கள் எண்பது ஆண்டு தாழ்த்திக் கேட்டோம், நீங்கள் தாழ்த்தாதீர்கள்.