சும்மா இருந்த நேரம்

எமது பெண்களிடம் "என்ன வேலை செய்யிறீங்கள்?" என்று கேட்டால் பெரும்பாலானோர் சொல்லும் பதில், "வீட்டிலை சும்மா தான் இருக்கிறன்" என்பதாகும். அப்படிச் சொல்லும்போதே ஒருத்தியின் கை ஓலை பின்னிக்கொண்டிருக்கும். இன்னொருத்தியின் மடியில் தையல் இருக்கும். நானும் நீண்ட காலம் அப்படிச் சொல்லி வந்தவள்தான். அந்தச் சொல்லை நான் எவ்வாறு விட்டேன் என்பதைச் சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகின்றேன்.

எனக்குப் பின்னல் பழக்கியவர் என் பெரியம்மா. நயினாதீவில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருத்தி, பழைய குடைக்கம்பி இரண்டைத் தேய்த்து ஊசியாக்கித் தந்தார். 1991இல் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணம் வந்தபோது அந்தக் கம்பிகளும் என்னுடன் வந்தன. பொருளாதாரத் தடைக் காலத்தில் கம்பளி நூல் ஏது? பழைய சுவெற்றர்களைக் குலைத்து, நூலைக் கழுவிக் காய வைத்து, ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் குழந்தைகளுக்குத் தொப்பியும் காலுறையும் பின்னினேன்.

1996இல் வேலைக்குப் போன என் கணவர் திரும்பி வரவில்லை. அப்போது மகளுக்கு நான்கு வயது. அதன்பின் பின்னல்தான் எங்கள் இருவருக்கும் சோறு போட்டது. கடைக்காரர் ஒருவர் ஒரு தொப்பிக்கு இவ்வளவு என்று தருவார். குறைவாக இருக்கிறதே என்றால், "சும்மா இருக்கிற நேரத்திலை பின்னுறது தானே பிள்ளை" என்பார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. 2003இல் ஊர் திரும்பிய பின்பும் அதே கணக்குத்தான்.

2022ஆம் ஆண்டின் இறுதியில், கனடாவில் இருக்கும் தங்கச்சி ஒரு உருண்டை பட்டு நூல் அனுப்பினாள். நூறு கிராம் நிறை, எண்ணூறு மீற்றர் நீளம். தையல் நூலிலும் சற்றுத்தான் மொத்தம். வெளிப்புறம் மாங்காய்ப் பச்சை, உள்ளே போகப் போக மஞ்சள், நடுவில் செம்மஞ்சள். கறுத்தக்கொழும்பான் காய் பழமாவது போல, எந்த இடத்தில் நிறம் மாறுகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. "நீ போட்டாலும் சரி, வித்தாலும் சரி" என்று ஒரு துண்டும் எழுதி வைத்திருந்தாள். அதில் லேஸ் சால்வை ஒன்று பின்ன முடிவு செய்தேன்.

வேலை தொடங்கிய அன்று மகள் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து தந்தாள். அவள் ஊரில் ஒரு சங்கத்தில் கணக்கு எழுதுபவள். "அம்மா, இருக்கிற நேரமும் எழும்புற நேரமும் இதிலை எழுதுங்கோ" என்றாள். பகிடியாக நினைத்தேன். ஆனாலும் எழுதினேன்.

லேஸ் பின்னலின் உள்விடயம் எளிதானது. நூலை ஊசியில் ஒரு தடவை சுற்றினால் அங்கே ஒரு துளை விழும். கண்ணியும் ஒன்று கூடும். கூடியதை ஈடு செய்ய, பக்கத்தில் இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்ன வேண்டும். இந்தக் கூட்டலும் கழித்தலும் சரியாக இருந்தால் பூ விழும். ஒன்று தப்பினால் முழு வரியும் இடம் மாறிவிடும். கம்பளி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பட்டு அப்படியல்ல, வழுக்கும். இரும்பு ஊசியை விட மூங்கில் ஊசி நல்லது என்பதை ஒரு கிழமை அவதிப்பட்ட பின்பே அறிந்தேன்.

முக்கோணச் சால்வையைக் கழுத்துப் பக்கத்தில் சில கண்ணிகளுடன் தொடங்கி விரித்துக்கொண்டு போக வேண்டும். ஆரம்ப வரிகள் சிறியவை என்பதால் பச்சை நிறம் அகலமாக விழுந்தது. வரி நீள நீள ஒவ்வொரு நிறமும் ஒடுங்கியது. கடைசியில் ஒரு வரிக்கு முந்நூறுக்கு மேற்பட்ட கண்ணிகள். செம்மஞ்சள் ஒரு கரையளவு மட்டுமே. கடைசி நிறம் அகலமாக வேண்டுமென்றால் உருண்டையின் மற்றத் தலைப்பிலிருந்து தொடங்கலாம். அதை முதலிலேயே யோசிக்க வேண்டும். முடிந்து போனால் அதே நூலை எங்கள் ஊரில் தேடி எடுக்க முடியாது.

பெரியம்மா சொல்லித் தந்த பழக்கம் ஒன்று இங்கே கைகொடுத்தது. பத்து வரிக்கு ஒரு தடவை, பிழையில்லை என்று எண்ணிப் பார்த்த வரியின் கண்ணிகள் எல்லாவற்றுக்கும் ஊடாக ஒரு வேற்று நிறத் தையல் நூலைக் கோத்து விடுவேன். ஒருநாள் எட்டு வரிக்குக் கீழே ஒரு கண்ணி நழுவியிருப்பதைக் கண்டேன். மூச்சு நின்றது போலாயிற்று. ஊசியை உருவி நூலை இழுத்தேன். ஒரு நாள் வேலை பத்து நிமிடத்தில் குலைந்து, கோத்த நூலில் வந்து நின்றது. அது இல்லாவிட்டால் முழுவதும் போயிருக்கும். அந்த நேரத்தை மட்டும் கொப்பியில் வெட்டி விட்டேன். என் பிழைக்கு வாங்குபவர் காசு தர வேண்டியதில்லை.

பின்னி முடித்தபோது அது கசங்கிய பழந்துணி போலத்தான் இருந்தது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊற வைத்து, முறுக்காமல், துவாயில் சுருட்டி ஒற்றி எடுத்தேன். பட்டு நனைந்தால் பலம் குறையும். மெத்தை மீது நாலாபக்கமும் இழுத்துக் குண்டூசி குத்திக் காய விட்டதும் துளைகள் எல்லாம் திறந்தன. மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கொப்பியைக் கூட்டினாள். தொண்ணூற்றாறு மணித்தியாலங்கள். நாளுக்கு எட்டு மணித்தியாலமாகப் பார்த்தால் பன்னிரண்டு நாள் வேலை. அப்போது எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு நாட்கூலி 1,500 ரூபா. "கூலி மட்டும் 18,000 அம்மா" என்றாள். நான் சிரித்துவிட்டேன். யார் தருவார்கள்?

2023ஆம் ஆண்டு ஆனி மாதம் நாகபூசணி அம்மன் திருவிழா. சோளகக் காற்றில் கடல் கொந்தளித்தாலும் குறிகட்டுவானிலிருந்து படகுகள் நிறைந்தே வந்தன. பனை ஓலைப் பொருட்களுடன் சால்வையையும் எங்கள் சிறு கடையில் தொங்கவிட்டேன். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெண் அதைத் தொட்டுப் பார்த்து விலை கேட்டார்.

"பதினெட்டாயிரம் பிள்ளை."

"என்னக்கா! மெசின் சால்வை ஆயிரத்துக்கு எடுக்கலாமே. நீங்கள் சும்மா இருக்கிற நேரத்திலை பின்னினது தானே? ஐயாயிரம் தாறன்."

வீட்டில் அரிசி முடியும் நிலை. கை நீண்டிருக்கும். ஆனால் கொப்பி மேசையில் கிடந்தது. அதை விரித்துக் காட்டினேன். ஐயாயிரத்தைப் பன்னிரண்டால் பிரித்தால் ஒரு நாளுக்கு நானூற்றுச் சொச்சம் வரும் என்றேன். அவர் கொப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "பிறகு வாறன் அக்கா" என்று படகுக்குப் போனார். வரவில்லை. அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. ஐயாயிரம் என்றாலும் ஐயாயிரம் தானே என்று மனம் அடித்துக்கொண்டது.

அந்த நாட்களில் மகளும் நானும் இது பற்றித் தேடி வாசித்தோம். ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து என்னும் தீவுகள். அங்குள்ள பெண்கள் பின்னிய மெல்லிய லேஸ் சால்வைகள் ஒரு மோதிரத்துக்குள்ளால் இழுத்தெடுக்கக் கூடியவை எனப் பெயர் பெற்றவை. ஆண்கள் கடலில், பெண்கள் வயல் வேலை செய்துகொண்டே பின்னினார்கள். ஆனால் வியாபாரிகள் காசு கொடுக்கவில்லை. தேயிலையும் துணியும் கொடுத்தார்கள். இது பற்றிய அரச விசாரணையின் அறிக்கை 1872இல் வெளியாகியது. ஆந்திராவின் நர்சாபூரில் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜேர்மன் பெண் ஆய்வாளர் 1982இல் ஒரு நூல் எழுதினார். அவர்களின் பின்னல் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியானது. ஆயினும் அவர்கள் "வீட்டுப் பெண்கள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள்" என்று கருதப்பட்டதாலேயே கூலி மிகக் குறைவாக இருந்தது என்பதை அவர் எடுத்துக் காட்டினார். நான் கேட்ட அதே சொல், வேறு ஊரில், வேறு மொழியில்!

வேறொரு கதையும் உண்டு. நாகர்கோவிலில் 1820களில் மார்த்தா மால்ட் என்னும் மிஷன் பெண்மணி அடிமைக் குடும்பத்துப் பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். கையில் காசு வந்தபோது சிலர் அதைக் கொண்டே தம் விடுதலையை வாங்கினார்கள். வேலை ஒன்றேதான். கூலி கைக்கு வருகிறதா இல்லையா என்பதே வித்தியாசம்.

சால்வை நான்கு மாதங்கள் பெட்டியில் கிடந்தது. தங்கச்சியின் சிநேகிதி ஒருவர் படத்தைப் பார்த்துக் கேட்டார். கொப்பியின் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினோம். 15,000 ரூபாவுக்குக் கொடுத்தேன். கூலிக் கணக்கில் மூவாயிரம் குறைவு. நூலின் விலையும் அதில் சேரவில்லை. ஆனால் எவ்வளவு விட்டுக் கொடுத்தேன் என்பது இம்முறை எனக்குத் தெரியும். முன்பெல்லாம் அதுவும் தெரியாது.

இப்போது எங்கள் ஒழுங்கையில் ஐந்து பெண்கள் கொப்பி வைத்திருக்கிறோம். ஓலைப் பெட்டிக்கும் எழுதுகிறோம். குறைத்துக் கொடுக்கும் நாட்கள் இப்போதும் உண்டு. பசிக்குக் கொப்பி தெரியாது. ஆயினும் ஒருத்தி குறைக்குமுன் மற்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கிறாள்.

அன்பான சகோதரிகளே, நீங்கள் பின்னுவது சால்வையோ, தைப்பது சட்டையோ, இழைப்பது பாயோ எதுவானாலும், ஒரு பழைய கொப்பியை எடுங்கள். தொடங்கிய நேரம், முடித்த நேரம், நூல் விலை, படகுக் காசு என எல்லாவற்றையும் எழுதுங்கள். கணவரை இழந்தும், வீட்டை இழந்தும், பிள்ளைகளை வளர்த்தும் வந்த எமக்குச் சும்மா இருந்த நேரம் என்று ஒன்று எப்போது இருந்தது? பக்கத்து வீட்டு அக்கா நேற்று என்னிடம் கேட்டார், "என்ன செய்யிறாய்?" என்று.

"வேலை செய்யிறன் அக்கா" என்றேன்.