நாடி பிடிக்கும் மல்லிக் பஜார்

கொல்கத்தா மல்லிக் பஜாரில், மழை விட்ட காலைகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது: "வண்டி மிஸ் ஆகிறது."

உத்தரபாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதமே நின்றுவிட்டது. 15 ஆண்டு தாண்டிய வாடகை வண்டிகளுக்கு கல்கத்தா உயர் நீதிமன்றம் 2008இலேயே கெடு விதித்தது. எஞ்சிய சொந்த வண்டிகளுக்கு, பழைய உதிரிபாகங்களுக்குப் பேர்போன இந்தத் தெருதான் வைத்தியசாலை.

1,489 சி.சி. பெட்ரோல் என்ஜினுக்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை. ஓடும்போதே பிளக் ஒயர்களை மிஸ்திரி ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார். மூன்றில் என்ஜின் தள்ளாடுகிறது. ஒன்றில் மட்டும் சத்தம் மாறவில்லை. நோயாளி அகப்பட்டாயிற்று. அந்த பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுகிறார். கோளாறும் கூடவே போனால் பிளக்தான் குற்றவாளி. போகாவிட்டால் ஒயர், அல்லது டிஸ்டிரிபியூட்டர் மூடி. அதில் மயிரிழை விரிசல் போதும். ஈரக்காற்றில் மின்சாரம் வழிமாறிவிடும்.

இவையும் சரியாக இருந்தால்தான் உரிமையாளர் முகம் வெளிறுகிறது. என்ஜினை முழுதாகப் பிரிக்கும் செலவு வண்டியின் விலையையே தாண்டக்கூடும். பிறகு காயலான் கடைதான். எனவே கடைசிச் சோதனை: கம்ப்ரஷன் அளந்து, சிலிண்டரில் சில சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி அளப்பது. அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும்.

புதிய கார்கள் கோளாறை எண்களாகச் சொல்லிவிடுகின்றன. இந்தத் தெருவின் காதுகள் ஓய்ந்துவிட்டால், மிச்சமுள்ள அம்பாசிடர்களை ஓரங்கட்ட எந்த உத்தரவும் தேவைப்படாது.