வெப்பத்தின் மூலத்தைத் தேடும் கைகள்: பேராக்கின் மோட்டார் பட்டறைகளும் பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களும்

பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில் பெரும்பகுதி செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டது. தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்களின் வரலாற்றை எழுதியோர் பால்வெட்டையும் பிரட்டுக்களத்தையும் லயத்து வாழ்க்கையையும் விரிவாகப் பதிவு செய்திருந்தாலும், தோட்டத்தை விட்டு வெளியேறிய தலைமுறை கைக்கொண்ட புதிய தொழில்கள் அதே கவனத்தைப் பெறவில்லை. அத்தொழில்களுள் ஒன்றான மோட்டார் சைக்கிள் பழுதுபார்ப்பு, ஈப்போவின் புந்தோங் தொடங்கி சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா வரையுள்ள குடியிருப்புகளை ஒட்டிய சிறு பட்டறைகளில் இன்றும் நடைபெறுகிறது. பழைய எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும்போது அதன் காரணம் அங்கு எவ்வாறு தேடப்படுகிறது என்பதைக் களத்தில் கண்டவாறு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேராக்குக்கும் ரப்பருக்கும் உள்ள தொடர்பு 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த கன்றுகளில் சில கோலகங்சாரில் நடப்பட்டதிலிருந்து தொடங்குகிறது. மலாயாவின் விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது வேலையும் வீடும் ஒருசேரப் பறிபோகும் நிலை எழுந்தது. அதை எதிர்கொள்ளச் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவித் தொழிலாளர் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க வழிசெய்தார். ஆயினும் ரப்பர் செம்பனைக்கு இடம்விட்ட பிந்திய பத்தாண்டுகளில் இளைஞர் பலர் நகரம் நோக்கி நகர்ந்தனர். தொலைவிலுள்ள வேலைக்குச் செல்ல மோட்டார் சைக்கிள் இன்றியமையாததானதால், அதைச் செப்பனிடத் தெரிந்தவருக்குத் தோட்டத்து எல்லையிலேயே பிழைப்பு கிடைத்தது.

இப்பட்டறைகளுக்கு வரும் வண்டிகளுள் நான்கு-ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்த கப்சாய் எனப்படும் சிறு வண்டிகளே மிகுதி. எனினும் தொழிலாளரின் திறமையைச் சோதிப்பது 1980-களின் நடுப்பகுதியில் மலேசியச் சாலைக்கு வந்து 2011 வரை தயாரிக்கப்பட்ட யமஹா ஆர்எக்ஸ்இசட் போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டியே. 56 மில்லிமீட்டர் குறுக்களவும் 54 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட அதன் ஒற்றைச் சிலிண்டர் 133 சிசி கொள்ளளவுடையது. அதைக் குளிர்விக்க நீரோ விசிறியோ கிடையாது, வண்டி ஓடும்போது தகட்டு மடிப்புகளின்மேல் மோதும் காற்று மட்டுமே உண்டு. டூ-ஸ்ட்ரோக் என்பது பிஸ்டன் ஒருமுறை மேலேறிக் கீழிறங்குவதற்குள் எரிப்பு முழுவதும் நடந்து முடியும் அமைப்பாகும். எனவே நிமிடத்துக்கு 6000 சுற்றில் நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சின் 3000 முறை எரிக்கும்போது இது 6000 முறை எரிக்கிறது. மேலும், பெட்ரோலோடு கலந்து செல்லும் டூ-டி எண்ணெயே பிஸ்டனுக்கும் கிராங்க் பேரிங்குகளுக்கும் வழவழப்பு தருவதால், எண்ணெயைத் தொட்டியிலேயே கலக்கும் வண்டிகளில் எரிபொருள் குறையும் இடத்தில் எண்ணெயும் குறைகிறது.

சூடு மிகுந்ததன் முதல் அறிகுறி மேட்டில் வண்டியின் இழுவை தளர்வது. அடுத்தது எஞ்சினுக்குள் கேட்கும் உலோகத் தட்டொலி. இறுதி நிலை, பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொண்டு நின்றுவிடுவது, அதாவது பட்டறை வழக்கில் ‘ஜேம்’ ஆவது. அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இருமடங்கு விரிவதால், அலுமினியப் பிஸ்டனுக்கும் இரும்பு உறைக்கும் இடையே விடப்பட்ட நுண்ணிய இடைவெளி மிகைச்சூட்டில் இல்லாமற் போவதே இதற்குக் காரணம். “அண்ணே, மேடு ஏறுனா இழுக்க மாட்டேங்குது, அப்புறம் ஜேம் ஆயிருது” என்று சொல்லி வண்டியைத் தள்ளிவரும் இளைஞரிடம், “தம்பி, போன மாசம் இதுல என்னத்த மாத்துன?” என்பதே மூத்த பட்டறைக்காரர் கேட்கும் முதற் கேள்வியாக இருக்கிறது. நன்றாக ஓடிய எஞ்சின் திடீரெனச் சூடேறினால் அதற்கு முன் ஏதோ ஒன்று மாறியிருக்க வேண்டும் என்ற எண்ணமே அவருடைய தேடலுக்கு அடிப்படையாகும்.

தேடல் வெளியிலிருந்து உள்நோக்கிச் செல்கிறது. தகட்டு மடிப்புகளுக்கிடையே செம்மண் சேறு காய்ந்து அடைத்திருக்கிறதா, பிரேக் விடுபடாமல் சக்கரத்தை உரசுகிறதா, சங்கிலி அளவுக்கு மேல் இறுகியிருக்கிறதா என்பவை செலவின்றி அறியக்கூடியவை. ஆகவே அவை முதலில் சரிபார்க்கப்படுகின்றன. அதன்பின் பிளக் கழற்றப்படுகிறது. அதன் முனை இளம்பழுப்பாக இருந்தால் எரிப்பு சீராக உள்ளது. ஈரக்கருப்பாக இருந்தால் பெட்ரோலோ எண்ணெயோ மிகுதி. வெளுத்துப் பொரிந்திருந்தால் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த ‘மெலிந்த கலவை’ எரிந்திருக்கிறது, அல்லது பிளக்கின் வெப்பத்தரம் தவறானது. என்ஜிகே பிளக்குகளில் எண் உயர உயர அது வெப்பத்தை விரைந்து வெளியேற்றும் ‘குளிர்’ பிளக் ஆகும் என்பதால், 8 எண் வேண்டிய எஞ்சினில் 6 எண் பிளக்கைப் போடுவதே சூட்டுக்குப் போதிய காரணமாகிவிடும்.

மெலிந்த கலவைக்கு இரு வழிகள் உண்டு: பெட்ரோல் குறைதல், காற்று மிகுதல். முன்னதற்குப் பெட்ரோல் தொட்டியின் வடிகட்டியும், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் நுண்துளைப் பித்தளைத் திருகான மெயின் ஜெட்டும் பார்க்கப்படுகின்றன. பின்னதோ மறைவானது, கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர்க் கழுத்தில் வெடிப்பு இருந்தாலோ, கிராங்க் தண்டின் முனையிலுள்ள எண்ணெய் சீல் காய்ந்து சுருங்கியிருந்தாலோ, அளக்கப்படாத காற்று உள்ளே புகுந்துவிடும். எஞ்சின் துளைகளை அடைத்து உள்ளே சுமார் 0.4 பார் அழுத்தத்தில் காற்றேற்றி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவி, குமிழி எழும் இடத்தைக் காண்பதே இதற்கான உறுதியான சோதனை. கியர்ப்பெட்டிப் பக்கத்து சீல் கெட்டிருந்தால் கியர் எண்ணெய் உறிஞ்சப்பட்டு வெண்புகை தோன்றுவதால் அது தானே வெளிப்பட்டுவிடும். மறுபக்கத்துச் சீல் அத்தகைய தடயம் எதையும் தராமல் எஞ்சினை எரிக்கிறது.

எண்ணெய் தொடர்பான தவறான நம்பிக்கைகளையும் பட்டறை திருத்த வேண்டியிருக்கிறது. யமஹா 1960-களில் அறிமுகப்படுத்திய ஆட்டோலூப் அமைப்பில் சிறு பம்பு ஒன்று ஆக்சிலேட்டரின் திறப்புக்கேற்ப எண்ணெய் செலுத்துகிறது. அதன் குழாயில் காற்றுக்குமிழி தங்கினாலோ கேபிள் தளர்ந்தாலோ எண்ணெய் தடைப்படும். இதற்கு அஞ்சிப் பம்பை நீக்கிவிட்டுத் தொட்டியிலேயே தாராளமாக எண்ணெய் கலப்போர் உள்ளனர். ஆனால் கலவையில் எண்ணெயின் பங்கு கூடினால் ஜெட் வழியே செல்லும் பெட்ரோலின் பங்கு அந்த அளவுக்குக் குறைவதால், வரம்பு கடந்த பாதுகாப்பே கலவையை மெலியச் செய்துவிடுகிறது. காற்று வடிகட்டியை அகற்றி அகன்ற புகைக்குழாயைப் பூட்டிவிட்டு ஜெட்டை மட்டும் மாற்றாமல் விடுவதும் அதே விளைவைத் தருகிறது. புகைக்குழாயின் உட்பக்கம் கரி படிந்து அடைத்தாலும், மேக்னெட் சக்கரத்தின் சாவி தேய்ந்து தீப்பொறி முந்தி விழுந்தாலும் சூடு ஏறும்.

நிலவமைப்பையும் கணக்கில் கொள்வது பேராக் பட்டறைகளின் அறிவுக்குத் தனித்தன்மை தருகிறது. தாப்பாவிலிருந்தோ சிம்பாங் பூலாயிலிருந்தோ கேமரன் மலைக்கு ஏறும் வண்டி, காற்றின் அடர்த்தி குறைந்த உயரத்தில் பெட்ரோல் மிகுந்த கலவையை எரிக்கிறது; அங்கு வாழ்பவர் அதற்கேற்பச் சிறிய ஜெட்டைப் பொருத்தினால், அதே வண்டி சமவெளி வெப்பத்துக்கு இறங்கியதும் மெலிந்த கலவையில் எரியத் தொடங்கும். இறக்கத்தில் ஆபத்து வேறு வகையானது. ஆக்சிலேட்டரை முழுதும் மூடி, கியரின் இழுவையில் எஞ்சினை விரைவாகச் சுழலவிட்டால் பெட்ரோலோடு எண்ணெயும் மிகவும் குறைந்துபோகும் என்பதால், இடையிடையே ஆக்சிலேட்டரைச் சற்றுத் திறந்து விடும்படி ஓட்டுநருக்குச் சொல்லப்படுகிறது.

சிலிண்டர் திறக்கப்பட்டபின் பிஸ்டனே சான்றாகிறது. நான்கு மூலைகளிலும் கீறல் இருந்தால் சிலிண்டர் சூடேறி விரியுமுன் பிஸ்டன் விரிந்திருக்கிறது, அதாவது எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே முறுக்கப்பட்டிருக்கிறது; புகைத்துளைப் பக்கம் மட்டும் உரசியிருந்தால் மிகைச்சூடு; தலைப்பகுதி உருகித் துளைபட்டிருந்தால் மெலிந்த கலவையோ முந்திய தீப்பொறியோ காரணம். இச்சான்றைப் படிக்காமல் புதிய பிஸ்டனை மட்டும் போட்டுத் தருவது, நோயறியாமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

இவ்வறிவு பேராக்கோடு நின்றுவிடுவதன்று. 1959-இல் கனடாவின் கியூபெக்கில் ஜோசப்-அர்மான் பொம்பார்டியே வெளியிட்ட ஸ்கீ-டூ முதலான பனிவண்டிகளிலும் நெடுங்காலம் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களே செல்வாக்குப் பெற்றிருந்தன. அங்கு கடுங்குளிரில் காற்று அடர்ந்து கலவை மெலிவதால் பெரிய ஜெட் தேவைப்படுகிறது, நீர்க்குளிர்ச்சி வகைகளோ பட்டையால் வாரியெறியப்படும் பனி கிடைக்காத வெறும் உறைநிலத்தில் சூடேறுகின்றன. உறைபனியிலும் வெப்பமண்டலத்திலும் பிஸ்டன் ஒரே காரணங்களால் ஜேம் ஆவதைப் பார்க்கும்போது, தோட்டத்துப் பிள்ளைகள் கையால் தொட்டுக் கற்றது எங்கும் செல்லுபடியாகும் இயந்திரவியலே என்பது தெளிவாகிறது.

ஆயினும் அவர்களில் பலரிடம் அதற்குச் சான்றிதழ் இல்லை. மலேசியத் திறன் சான்றிதழான எஸ்கேஎம்-ஐ வகுப்பறைப் பயிற்சியின்றி, முன்பே பெற்ற அனுபவத்தை மதிப்பிட்டு வழங்கும் வழி நடைமுறையில் உண்டு. அவ்வழியை மூத்த தொழிலாளரிடம் கொண்டுசேர்ப்பதும், அவர்கள் பின்பற்றும் தேடல் ஒழுங்கைத் தமிழில் எழுதிப் பயிலுநர் கையில் தருவதும் சமூக அமைப்புகள் உடனே மேற்கொள்ளத்தக்க பணிகளாகும். பால்வெட்டின் நுட்பத்தைத் தோட்டம் பயன்படுத்தியது, ஆனால் அதை ஒரு கல்வியாக மதிக்கவில்லை. பட்டறையின் நுட்பத்துக்கும் அந்நிலை நேராமல் காப்பது இத்தலைமுறையின் கடமை.