கான்கிரீட் போடுறவர் சொன்ன ஹிஸ்டரி

இப்போ வீடு வாங்கலாமா, பொறுக்கலாமான்னு இன்பாக்ஸில் நிறைய பேர் கேக்கறீங்க. நான் டாக்டர், பொருளாதார நிபுணர் இல்லை. ஆனா அமெரிக்காவில் ஒரு வீடு வாங்கி மாட்டினவன். அன்னைக்கு நான் பார்க்காம விட்ட ஒரு நம்பரைப் பத்தி சொல்றேன். கொஞ்சம் நீளமான இழை, பொறுத்துக்கோங்க.

2006 மே மாசம். அரிசோனாவில் ஃபீனிக்ஸ் பக்கம் கிளினிக். பிரஷர், சுகர் ரெண்டும் உள்ள ஒருத்தர் செக்கப்புக்கு வந்தார். புது வீடுகளுக்கு அஸ்திவார கான்கிரீட் போடுற வேலை. பேச்சுவாக்கில், நானும் வீடு பார்த்துட்டு இருக்கேன்னு சொன்னேன்.

"பார்த்து வாங்குங்க டாக்டர். போன வருஷம் பர்மிட் வாங்கின மனைங்க எங்களுக்காக வரிசையில் காத்திருக்கும். இப்போ வாரத்தில் ரெண்டு நாள் சும்மா இருக்கேன்" என்றார்.

தலையாட்டிட்டு மருந்து எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாசமே வீட்டுக்குக் கையெழுத்தும் போட்டேன். "ஏங்க, கொஞ்சம் பொறுக்கலாமே"ன்னு மனைவி சொன்னாங்க. "விலை ஏறிட்டே இருக்கும்மா"ன்னு அடக்கிட்டேன். நெஞ்சு வலி இல்லை, அதனால ஹார்ட் நல்லா இருக்குன்னு சொல்ற பேஷண்ட்டை எத்தனை முறை திட்டியிருப்பேன்!

அந்த நம்பர் இதுதான். அங்கே வீடு கட்ட உள்ளாட்சியில் பர்மிட் வாங்கணும். சுமார் 20,000 இடங்களில் தர்ற பர்மிட்டுகளை வச்சு, சென்சஸ் பீரோ மாசாமாசம் ஒரு எண்ணிக்கை வெளியிடுது. மனை, பணம், வாங்க ஆள் வருவாங்கங்கிற நம்பிக்கை எல்லாம் இருந்தாத்தான் பில்டர் பர்மிட் கேட்பார். நம்பிக்கை ஆடினா முதலில் நிக்கறது அதுதான். பாதி கட்டின வீட்டை அப்படியே விட முடியாது. விலையைக் குறைக்க யாருக்கும் சட்டுன்னு மனசு வராது. அதனால விலை ரொம்ப லேட்டாத்தான் இறங்கும்.

2005-ல் நாடு முழுக்க 21.5 லட்சம் வீடுகளுக்கு பர்மிட். 2006-ல் 18.4 லட்சம், 2007-ல் 14 லட்சம், 2009-ல் வெறும் 5.8 லட்சம். நான் கையெழுத்து போடும்போது அது பிப்ரவரியிலிருந்தே மாசாமாசம் இறங்கிட்டு இருந்தது. விலை மட்டும் உச்சத்தில். பின்னாடி ஃபீனிக்ஸில் விலை பாதிக்கும் கீழே போச்சு.

அதுக்காக ஒரு மாச நம்பரைப் பார்த்துக் குதிக்காதீங்க. 2008 ஜூனில் பர்மிட் திடீர்னு எகிறிச்சு. காரணம், நியூயார்க் நகரத்தில் ஜூலை 1 முதல் புதுக் கட்டட விதி. பழைய விதியிலேயே வாங்கிடலாம்னு எல்லாரும் ஓடினாங்க. சந்தை என்னவோ ஐசியூவில்தான் கிடந்தது. எங்க பாஷையில் ஃபால்ஸ் பாசிட்டிவ். அடுக்குமாடி பர்மிட் இப்படித்தான் துள்ளும். தனி வீட்டு பர்மிட்டை ரெண்டு மூணு மாசம் சேர்த்துப் பாருங்க.

நம்ம ஊருக்கும் இது பொருந்தும். 2024 ஜூலையில் தமிழ்நாட்டில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட சுயசான்று முறையில் உடனடி அனுமதி வந்தது. விதி மாறும்போது எண்ணிக்கை கூடினா, அது டிமாண்டா இல்லை வசதியான்னு பிரிச்சுப் பார்க்கணும்.

அந்த கான்கிரீட்காரர் 2008-ல் திரும்ப வந்தார், கால் விரலில் புண்ணோடு. வேலை போய் ஒரு வருஷம், கூடவே இன்ஷூரன்ஸும். சுகர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுட்டு இருந்திருக்கார். விரல் கறுத்திருந்தது. சர்ஜனுக்கு போன் பண்ணிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"அந்த வீட்டை வாங்கிட்டீங்களா டாக்டர்?"ன்னு கேட்டார்.

வாங்கிட்டேன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் அவரே, பையன் ஸ்கூல் பத்திப் பேச ஆரம்பிச்சார்.