நாற்பதாம் நம்பர் எதனோடு ஒப்பு?

திண்டுக்கல், வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளுக்கு இருப்புக் கணக்கு சாஃப்ட்வேர் எழுதுவது என் தொழில். திரையில் 40 என்று வந்தால் அது நூலின் நம்பராக இருக்கலாம், கோன்களின் எண்ணிக்கையாக இருக்கலாம், கிலோவாகவும் இருக்கலாம். மில்லில் யாருக்கும் இதில் குழப்பம் வராது. கணினிக்கு நாம்தான் பிரித்துச் சொல்ல வேண்டும்.

ஒரு பவுண்டு நூலில் 840 கஜச் சிட்டம் எத்தனை தேறும் என்பதே காட்டன் கவுண்ட். 40-ஆம் நம்பரில் பவுண்டுக்கு 33,600 கஜம். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். அதனால் நூல் நம்பருக்கு ஒரு கிளாஸ், எடைக்கு வேறொரு கிளாஸ் எழுதுகிறேன். இரண்டுக்குள்ளும் இருப்பது வெறும் எண்தானே என்று சிலர் கேட்பார்கள். அந்த 'வெறும்' என்பதைத்தான் நான் ஒப்புக்கொள்வதில்லை.

இவற்றை வரிசைப்படுத்த ஜாவாவில் 'கம்பேரபிள்' இன்டர்ஃபேஸ் உண்டு. 2004-இல் ஜாவா 5 வரும்வரை அதன் ஒப்பிடும் மெத்தட் எந்த ஆப்ஜெக்டையும் வாங்கிக்கொள்ளும். நூல் நம்பரை எடையோடு ஒப்பிடச் சொன்னாலும் கம்பைலர் தலையாட்டிவிடும். புரோகிராம் ஓடும்போதுதான், லாரியில் சரக்கு ஏறும் நேரம் பார்த்து, கிளாஸ்காஸ்ட் எக்ஸெப்ஷன் வந்து நிற்கும். ஜாவா 5-இல் ஜெனரிக் வசதி வந்தபின் 'கம்பேரபிள்<நூல்நம்பர்>' என்று எழுத முடிகிறது. நூல் நம்பர் இன்னொரு நூல் நம்பரோடு மட்டுமே ஒப்பிடப்படும். மாற்றி எழுதினால் கம்பைல் ஆகாது. வரிசைப்படுத்தும் நிரலோ ஒன்றேதான். நம்பருக்கும் எடைக்கும் தேதிக்கும் அதுவே போதும். இந்த அழகு எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

பிராகா, ஓடர்ஸ்கி, ஸ்டவுடமையர், வாட்லர் ஆகிய நால்வர் 1998-இல் முன்வைத்த வடிவமைப்பிலிருந்து வளர்ந்தது இந்த ஜெனரிக் வசதி. பழைய நிரல்கள் முறியக் கூடாது என்பதற்காக, கம்பைல் ஆனதும் டைப் விவரம் அழிக்கப்படுகிறது. ஓடும்போது நூல் நம்பர் பட்டியலும் எடைப் பட்டியலும் ஒரே கிளாஸ்தான். ஆகவே டைப்பை உறுதிசெய்ய முடியாதபோது கம்பைலர் தரும் 'அன்செக்டு' எச்சரிக்கை ஒன்று வந்தாலும் பில்ட் நின்றுவிடும்படி வைத்திருக்கிறேன். அதை வாயடைத்துவிட்டுப் போவது தவறு.

டெக்ஸ் அளவு வேறு இருக்கிறது: 1,000 மீட்டர் நூலின் கிராம் எடை. 40-ஆம் நம்பர் ஏறக்குறைய 14.8 டெக்ஸ். இங்கே எண் ஏறினால் நூல் தடிக்கும். இதற்கும் தனி கிளாஸ். மாற்றுவதற்கென்று தனி மெத்தட். திசை தலைகீழாவதைக் கம்பைலரால் கண்டுபிடிக்க முடியாது. 30-ஆம் நம்பர் 40-ஐவிடத் தடிமன் என்று சரிபார்க்கும் டெஸ்ட்டைத்தான் முதலில் எழுதுகிறேன்.