மணலுக்கடியில் ஒரு மெஸ்!

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள், மரக்காணம் பக்கம் கொஞ்சம் இறங்கிப் பார்க்க வேண்டும். உப்பளங்களைத் தாண்டினால் சவுக்குத் தோப்புகள். 'உஸ்ஸ்...' என்று ஓயாத சத்தம். கடலா, மரமா என்று காது குழம்பும்.

எனக்குச் சந்தேகம் காதில் இல்லை, காலில்! செருப்பெல்லாம் வெறும் மணல். கீரைகூடத் தேறாத இந்த மண்ணில் சவுக்கு மட்டும் எப்படி இத்தனை உயரம் போகிறது?

"யூரியா நிறைய போடுவீங்களோ?" என்று தோப்புக்காரப் பெரியவரிடம் கேட்டேன். சிரித்தார். மண்வெட்டியால் மரத்தடியைக் கிளறி, வேரில் பவழக்கொத்து மாதிரி இருந்த முடிச்சைக் காட்டினார்.

"ஃபேக்டரி இங்கதான் சார் இருக்குது. கரண்டு பில்லு கிடையாது!"

முடிச்சுக்குள் குடித்தனம் நடத்துவது ஃபிரான்கியா என்ற நுண்ணுயிர். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்குப் பரிமாறுகிறது. மெஸ் கட்டணமாக மரம் சர்க்கரை கொடுக்கிறது. இன்னொரு சப்ளையர், வேர்ப்பூஞ்சை. நூலைவிட மெல்லிய இழைகளை, வேர் எட்டாத இடத்துக்கெல்லாம் நீட்டி மணிச்சத்தைக் கொண்டுவருகிறது. இந்தக் கூட்டணிக்கு 1885-ல் 'மைக்கோரைசா' என்று பெயர் வைத்தவர் ஜெர்மானியத் தாவரவியலார் ஆல்பர்ட் ஃபிராங்க். ஃபிரான்கியா என்ற பெயர் வந்ததும் இவரை வைத்துத்தான்!

பெரியவருக்கு மூன்று ஏக்கர். நட்டால் நாலு வருஷம் காத்திருக்க வேண்டும். வங்கிக் கடன், மகளின் காலேஜ் ஃபீஸ் எல்லாம் அந்த மணலை நம்பித்தான். கன்று சவலையாகிவிட்டால் தீர்ந்தது கதை. அதனால், நன்றாக வளர்ந்த பழைய மரத்தின் முடிச்சுகளை எடுத்து, அரைத்து, தண்ணீரில் கரைத்து நாற்றுகளுக்கு ஊற்றுகிறார்.

"பாலுக்கு உறை ஊத்தற மாதிரிதான் சார்!"

வேளாண்மை விரிவாக்க மையங்களில் தரும் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா பொட்டலங்களும் இதே உறைமோர் ஜாதிதான். உயிருள்ள சரக்கு. வெயிலில் வைக்கக் கூடாது. ரசாயன உரத்தோடு கலக்கவும் கூடாது. தொழுவுரத்தோடு கலந்து போட்டால் சொன்ன வேலையைச் செய்யும்.

பக்கத்துத் தோப்பில் மரங்களை வேரோடு பறித்து, மனைக்கல் நட்டிருந்தார்கள்.

"எல்லாரும் இப்படிக் கிளம்பிட்டா, உறைக்கு எங்க போவீங்க?"

பெரியவர் பேசாமல் வரப்போரம் கைகாட்டினார். வெட்டாமல் விட்ட நாலு கிழட்டுச் சவுக்கு மரங்கள்.

"வியாபாரி வரும்போதெல்லாம் இதுங்களையும் சேத்துதான் வெல கேக்கறான். நான் குடுக்கறதில்ல சார்."